அல்ஹம்து சூராவில் ஏழு நிறுத்தங்கள்

 

எங்கள் மதரஸாவில் காலையில் சின்னப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுப்பேன். அஸர் தொழுகைக்குப் பிறகு அந்தப் பிள்ளைகளின் உம்மாமாரும், அவர்களைப் பெற்றவர்களும் வந்து உட்காருவார்கள். அந்த மாலை வகுப்புக்கு ஓர் அம்மா வருவார். ஆப்பம் சுட்டு விற்றே மூன்று பெண்மக்களைக் கரையேற்றியவர். வயது எழுபதைத் தாண்டியிருக்கும். ஒரு நாள் தொழுகையில் ஓதுபவற்றுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருந்தேன். ருகூஉவில் குனிந்து நிமிரும்போது ‘ஸமிஅல்லாஹு லிமன் ஹமிதஹ்’ என்கிறோம். தன்னைப் புகழ்கிறவரின் குரலை அல்லாஹ் கேட்டுக்கொண்டான் என்பது அதன் பொருள். இதைச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அந்த அம்மா நிறுத்தினார்.

“மகளே, கேட்டுக்கிட்டானா? நான் சொல்றதையா?”

“ஆமாம்மா. நீங்க சொல்றதைத்தான்.”

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “அறுபது வருஷமாக் குனிஞ்சு நிமிர்ந்திருக்கேன். ஒவ்வொரு தடவையும் இதையா சொன்னேன்? யாரும் எனக்குச் சொல்லலையே.”

இன்று இந்த ஒலிவாங்கியின் முன் நான் உட்கார்ந்திருப்பது அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

தொழுகையைப் பற்றி அதிகம் அறியாத நேயர்களுக்காகச் சிறிது சொல்லிவிடுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. நின்று ஓதி, குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து எழும் ஒரு சுற்றுக்கு ரக்அத் என்று பெயர். சுபுஹில் இரண்டு ரக்அத், லுஹரில் நான்கு, அஸரில் நான்கு, மஃரிபில் மூன்று, இஷாவில் நான்கு. கட்டாயக் கடமையானவை மட்டும் 17 ரக்அத்துகள். ஒவ்வொரு ரக்அத்திலும் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதுகிறோம். நம் வீடுகளில் அதற்கு அல்ஹம்து சூரா என்று பெயர். ஆக, ஒரு நாளில் குறைந்தது 17 முறை அதே ஏழு வசனங்கள். ஏழு வயதில் தொடங்கி எழுபது வயது வரை அவற்றை ஓதும் நாக்கு எப்படி ஓடும் என்று எண்ணிப் பாருங்கள். நாக்கு ஒரு பக்கம் ஓடும், மனசு இன்னொரு பக்கம் போகும். மளிகைக் கடை பாக்கி, மகளுக்கு வந்த சம்பந்தம், மறந்து வைத்த சாவி, எல்லாம் தக்பீர் கட்டித் தொழுகையைத் தொடங்கிய பிறகுதான் நினைவுக்கு வரும்.

மனம் தொழுகையில் நின்று, அந்த அமைதி உடலிலும் தெரிவதை அரபியில் குஷூஉ என்பார்கள். தொழுகிறவருக்கு அவருடைய தொழுகையில் பத்தில் ஒரு பங்குதான் எழுதப்படலாம், ஒன்பதில் ஒன்று, எட்டில் ஒன்று, பாதி என்றும் எழுதப்படலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சொன்னதாக ஒரு ஹதீஸ் உண்டு. வகுப்பில் இதைச் சொன்னால் பெண்கள் பயந்துவிடுகிறார்கள். நான் அதை அப்படி எடுத்துக்கொள்வதில்லை. இன்று பத்தில் ஒன்று கிடைத்தவருக்கு நாளை ஒன்பதில் ஒன்றுக்கு வழி திறந்தே இருக்கிறது.

மனசு நிற்க என்ன செய்வது என்று என்னிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் ஏதாவது தனி துஆ இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். நான் முதலில் வேகத்தைக் குறைக்கச் சொல்வேன். எங்கள் பிள்ளைகளுக்குள் ஒரு போட்டி நடக்கும். அல்ஹம்து சூராவை யார் ஒரே மூச்சில் முடிப்பது என்று. முகம் சிவக்க ஓதி முடித்துவிட்டு ஒரு சிறுமி என்னிடம் ஓடி வந்து, “ஆலிமாம்மா, மூச்சே விடலை!” என்றாள். அவளை மடியில் உட்காரவைத்து, நபிகள் நாயகத்தின் துணைவியார் உம்மு ஸலமா (ரலி) அவர்களைப் பற்றிச் சொன்னேன். நபி (ஸல்) எப்படி ஓதுவார்கள் என்று கேட்டவர்களுக்கு, ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்தி ஓதுவார்கள் என்று அவர்தான் சொல்லித் தந்தார். வீட்டுக்குள் இருந்து கேட்ட ஒரு பெண்ணின் காது அந்த நிறுத்தத்தை நமக்காகப் பிடித்து வைத்திருக்கிறது.

அந்த நிறுத்தம் எதற்கு? நேயர்களே, எனக்கு உயிரான இடம் இதுதான், கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஒரு ஹதீஸ் ‘முஸ்லிம்’ என்ற ஹதீஸ் தொகுப்பு நூலில் இருக்கிறது. தொழுகையைத் தனக்கும் தன் அடியானுக்கும் இடையே பங்கிட்டிருப்பதாக இறைவன் கூறுகிறான். அடியான் அகிலங்களின் இறைவனைப் புகழ்ந்து ஒரு வசனம் ஓதினால், என் அடியான் என்னைப் புகழ்ந்தான் என்கிறான். அவனுடைய அருளையும் அன்பையும் சொன்னால் அதற்கும் ஒரு மறுமொழி. தீர்ப்பு நாளின் அதிபதி என்று சொன்னால் அதற்கும் ஒன்று. நாம் நிறுத்தாமல் ஓடினால் அந்த மறுமொழிக்கு எங்கே இடம்? வாசலில் நின்று கூப்பிட்டுவிட்டு, பதில் வருமுன் திரும்பி நடப்பதுபோல் ஆகிவிடாதா? ஒரு வசனத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மூச்சு போதும். பிஸ்மில்லாஹ்வையும் ஒரு வசனமாகச் சேர்த்து எண்ணுவது எங்கள் கடற்கரை ஊர்களின் ஷாஃபி வழக்கம். அப்படி ஏழு வசனம், ஏழு நிறுத்தம்.

நான்கு வசனங்கள் வரை ‘அவன்’ என்று இறைவனைப் படர்க்கையில் சொல்லிக்கொண்டே வருகிறோம். ஐந்தாவதில் பேச்சு திரும்புகிறது. உன்னையே வணங்குகிறோம், உன்னிடமே உதவி கேட்கிறோம் என்று நேருக்கு நேர் ஆகிவிடுகிறது. இதுவரை அறைக்கு வெளியே நின்று பேசியவர் உள்ளே நுழைந்துவிட்டார். இந்தத் திருப்பத்தை ஒரு நாள் உணர்ந்தவர்கள் மறுநாள் அதே இடத்தை எதிர்பார்த்தே ஓதுவார்கள். எனக்கு இன்றும் அந்த இடத்தில் குரல் தானாகத் தாழ்ந்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. தனியாகத் தொழுதாலும் அந்த வசனத்தில் பன்மைதான். அரபியில் அதற்கு ஒரே வடிவம். தமிழில் நமக்கு ‘நாம்’ வேறு, ‘நாங்கள்’ வேறு. இறைவனிடம் பேசும்போது ‘நாங்கள்’ என்றுதான் சொல்ல முடியும். அப்படியென்றால் யார் அந்த நாங்கள்? வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டேன். ஒருத்தி, வளைகுடாவில் வேலை பார்க்கும் தன் கணவரைச் சேர்த்துக்கொள்வேன் என்றாள். ஒருத்தி, பேச்சு வார்த்தை விட்டுப்போன தன் மாமியாரை என்றாள். சொல்லும்போது அவள் தலை குனிந்திருந்தது. ஆப்பக்கார அம்மா, “செத்துப்போன என் மகனையும் சேர்க்கலாமா?” என்று கேட்டார். உயிரோடு இருப்பவர்களுக்கு, அடுத்த வசனத்தில் கேட்பதுபோல் நேர்வழி கேளுங்கள், அவருக்காக, நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதில் மன்னிப்புக் கேளுங்கள் என்றேன். அன்று மஃரிபில் அவர் நெற்றியைத் தரையிலிருந்து எடுக்க நெடுநேரம் ஆயிற்று.

யாரும் சொல்லவில்லையே என்றாரே அந்த அம்மா, நம் முன்னோர் சொல்லத்தான் செய்தார்கள். என் உம்மாவைப் பெற்றவர்களுக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஆனால் அரபு எழுத்தில் எழுதிய தமிழைத் தட்டுத் தடங்கலில்லாமல் வாசிப்பார்கள். அதுதான் அரபுத் தமிழ். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (1816–1898) அந்த அரபுத் தமிழில்தான் ‘மஙானி’ என்ற மார்க்கச் சட்ட நூலை எழுதினார்கள். பெண்கள் வீட்டிலிருந்தே மார்க்கம் அறிய அது வழியாக இருந்தது. அந்த எழுத்து நம் வீடுகளைவிட்டுப் போனபோது பொருள் சொல்லும் பழக்கமும் சேர்ந்து போய்விட்டது. இது எனக்குத் தீராத வருத்தம்.

நேரம் ஓடுகிறது. மனசை நிற்கவிடாத தடைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். இமாம் கஸ்ஸாலி (1058–1111) தமது ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஓர் உவமை சொல்கிறார். ஒருவர் மரத்தடியில் உட்கார்ந்து சிந்திக்கப் பார்க்கிறார். குருவிகளின் கூச்சல். கம்பால் விரட்டுகிறார், அவை திரும்பி வருகின்றன. மரம் இருக்கும்வரை குருவிகளும் வரும், மரத்தை வெட்டினால்தான் தீரும் என்கிறார். மரம் என்பது உலகத்தின் மேல் நாம் வைத்த ஆசை. நபித்தோழர் அபூ தல்ஹா (ரலி) அதை வாழ்ந்தே காட்டினார்கள். தம் தோட்டத்தில் தொழும்போது அங்கே பறந்த ஒரு பறவையின் மேல் கண் போய், எத்தனை ரக்அத் என்று மறந்தது. அந்தத் தோட்டத்தையே தர்மமாகக் கொடுத்துவிட்டார்கள்.

நமக்கு அவ்வளவு முடியுமா? சின்னக் கிளைகளையாவது வெட்டலாம். ஓர் இளம் தாய் என்னிடம், “ஆலிமாம்மா, ரக்அத்தை விட்டுட்டு குக்கர் விசிலைத்தான் எண்ணுறேன்” என்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தக்பீர் கட்டு என்றேன். சாப்பாடு முன்னால் வைக்கப்பட்டிருந்தால் முதலில் சாப்பிட்டுவிடுங்கள் என்று நபி (ஸல்) அவர்களே சொல்லியிருக்கிறார்கள். பசித்த வயிற்றோடு போராடச் சொல்லவில்லை. பூ வேலைப்பாடு போட்ட ஒரு போர்வை தொழுகையில் கவனத்தை இழுத்தது என்று அதைத் திருப்பி அனுப்பிவிட்டு, வேலைப்பாடு இல்லாத ஒன்றைக் கேட்டு வாங்கியவர்கள் அவர்கள். கைப்பேசியை எங்கே வைக்க வேண்டும் என்று இதற்குமேல் நான் சொல்ல வேண்டாம். ரக்அத் எண்ணிக்கையில் ஐயம் வந்தால் உறுதியான குறைந்த எண்ணை எடுத்துக்கொண்டு மீதியைத் தொழுது, ஸலாம் கொடுக்கும் முன் மறதிக்கான இரண்டு சுஜூது செய்துகொள்ளுங்கள். மனிதர் மறப்பார் என்று தெரிந்தே அது வைக்கப்பட்டிருக்கிறது.

கைக்குழந்தை வைத்திருக்கும் தாய்மார்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீண்ட தொழுகை நடத்த எண்ணி நின்ற நபி (ஸல்) அவர்கள், பின்னால் ஒரு குழந்தை அழும் குரல் கேட்டால், அதன் தாய் படும் பாட்டை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே தொழுவித்தும் இருக்கிறார்கள். தொட்டிலில் பிள்ளை சிணுங்கும்போது உங்கள் மனம் அங்கே போனால், நான் கெட்டவள் என்று மனம் உடைந்துபோகாதீர்கள். சுருக்கமாகத் தொழுங்கள். சுருக்கமான தொழுகையிலும் அந்த ஏழு நிறுத்தங்களை விடாதீர்கள்.

ருகூஉ, சுஜூது, அத்தஹிய்யாத் பற்றியெல்லாம் பேச எண்ணியிருந்தேன். எல்லாவற்றையும் அல்ஹம்து சூராவே எடுத்துக்கொண்டது. ஆப்பக்கார அம்மா இப்போதும் மாலை வகுப்புக்கு வருகிறார். வாரத்துக்கு ஒரு வரிதான் வேண்டும் என்பார். அதற்குமேல் சொன்னால் கையமர்த்திவிடுவார்.

உங்கள் வீட்டிலும் ஐம்பது, அறுபது வருடமாகத் தொழுதுகொண்டிருக்கும் ஓர் உம்மாவோ வாப்பாவோ இருப்பார்கள். இன்று இஷாவுக்குப் பிறகு அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் ஓதும் ஒரே ஒரு வரிக்குத் தமிழில் பொருள் சொல்லிக் கொடுங்கள். வஸ்ஸலாம்.