பிரித்தாலும் நூல் வீணாவதில்லை



மார்கழி வந்தால் நம் அதியமான்கோட்டைப் பக்கம் விடியற்காலையில் பனி இறங்கிவிடும். பூசைக்கு வருகிற தாய்மார்கள் பிள்ளைகளுக்குக் குல்லாவும் ஸ்வெட்டரும் மாட்டித்தான் தூக்கி வருவார்கள். பெரும்பாலும் அவை கடையில் வாங்கியவை. பேரப்பிள்ளைக்கென்று கம்பியும் கம்பளி நூலும் வாங்கித் தம் கையாலேயே பின்னுகிற பாட்டிமாரும் இருக்கிறார்கள். இன்றைய சிந்தனை அவர்கள் கையில் இருக்கும் பின்னலைப் பற்றியது.

பின்னல் என்பது ஒரு கண்ணிக்குள் அடுத்த கண்ணியை இழுத்துக் கோத்துக்கொண்டே போவது. கீழ்க் கண்ணியை மேல் கண்ணி பிடித்துக்கொள்கிறது. ஒரு பாட்டி 40 வரிசை பின்னி முடித்து விரித்துப் பார்க்கிறார். 12-ஆம் வரிசையில் ஒரு கண்ணி திரும்பி விழுந்திருக்கிறது. வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, அவர் கண்ணுக்கு மட்டும் அது ஒன்றுதான் தெரிகிறது. எரிச்சலில் முழுவதையும் உருவிப் போடத் தோன்றும். இல்லாவிட்டால், "எனக்கு இது வராது" என்று பைக்குள் திணித்து பரண்மேல் போடத் தோன்றும். இரண்டில் எதைச் செய்தாலும் இந்தப் பனிக்குக் குழந்தைக்கு ஸ்வெட்டர் இல்லை. அடுத்த கிறிஸ்துமஸுக்குள் குழந்தை வளர்ந்துவிடும், அந்த அளவும் உதவாது.

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் செக்கிங் வேலை பார்க்கும் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். அங்கே குறைகளை மூன்றாகப் பிரிப்பார்கள்: ஆபத்தான குறை, பெரிய குறை, சிறிய குறை. ஏற்றுமதிச் சரக்கில் பரவலாகக் கையாளும் ஏ.க்யூ.எல் 2.5 என்ற அட்டவணைப்படி, 2,000 உருப்படி இருந்தால் 125-ஐ எடுத்துச் சோதிப்பார்கள். பெரிய குறை 7 வரை இருந்தால் சரக்கு போகும், 8 ஆகிவிட்டால் நிற்கும். சிறிய குறைக்கு இன்னும் கொஞ்சம் இடம் உண்டு. ஆனால் ஒடிந்த ஊசிமுனை ஒன்றுகூடத் துணியில் இருக்கக் கூடாது. அது குழந்தையின் உடம்பைக் கிழித்துவிடும். இதை வகுத்தவர்கள் அலட்சியக்காரர்கள் அல்லர். எந்தக் குறை யாரைப் பாதிக்கும் என்று யோசித்தவர்கள்.

நாமும் அந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: இந்தக் குறை உடுத்தப்போகிறவருக்கு வலிக்குமா, அல்லது என் பெருமைக்கு மட்டும்தான் வலிக்கிறதா? கழுத்து குறுகி, குழந்தையின் தலை நுழையாது என்றால் தயங்காமல் பிரியுங்கள். கண்ணி நழுவி இருந்தால் விடக் கூடாது, அது கீழே கீழே இறங்கிக்கொண்டே போகும். குரோஷா ஊசியால் அந்தக் கண்ணியை மட்டும் பிடித்து ஏற்றினால் போதும், மற்ற வரிசைகளைத் தொட வேண்டியதில்லை. ஒரு கண்ணி திரும்பி மட்டும் விழுந்திருக்கிறதா? விட்டுவிடுங்கள். குழந்தைக்குக் குளிராது.

வீட்டிலும் இந்த வேறுபாடு தெரியாமல்தான் பல கண்ணீர். மகள் 94 மதிப்பெண் வாங்கி வந்து நிற்கிறாள். "மீதி 6 எங்கே?" என்கிறோம். மருமகள் வைத்த குழம்பில் உப்பு ஒரு சிட்டிகை கூடினால் அன்றைக்கு முழுதும் அதே பேச்சு. அதே வீட்டில் மகன் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறான். அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. அதுவல்லவா ஒடிந்த ஊசிமுனை?

புனித லொயோலா இஞ்ஞாசியார் 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசா நகரில் தங்கியிருந்தபோது இந்தத் துன்பத்தை அனுபவித்தார். ஒப்புரவு அருளடையாளத்தில் அறிக்கையிட்ட பழைய பாவங்களையே திரும்பத் திரும்ப அறிக்கையிட்டார், ஏதாவது விட்டுப்போயிருக்குமோ என்ற அச்சத்தில். மனம் ஆறவே இல்லை. கடைசியில், கடந்துபோனவற்றை இனி அறிக்கையிடுவதில்லை என்று தீர்மானித்த பிறகுதான் விடுதலை பெற்றார். மன்னிக்கப்பட்ட வரிசைகளை மறுபடி உருவிக்கொண்டே இருந்தால் ஸ்வெட்டர் எப்போது முடியும்?

பிரித்தே ஆக வேண்டிய இடமும் வாழ்க்கையில் வரும். அப்போதும் பயம் வேண்டாம். வெட்டிய துணி ஒட்டாது, ஆனால் பின்னலைப் பிரித்தால் நூல் முழுதாகக் கைக்கு வரும். சுருண்டு போயிருக்கும், அவ்வளவுதான். தண்ணீரில் நனைத்துக் கொடியில் தொங்கவிட்டால் நீண்டுவிடும், அதே நூலில் மறுபடி பின்னலாம். எரேமியா இறைவாக்கினர் குயவன் வீட்டில் கண்டதும் இதுதான். கலயம் கையில் கெட்டுப்போனது. குயவன் மண்ணைத் தூக்கி எறியவில்லை, அதே மண்ணை வேறொரு கலயமாக வனைந்தான்.

எனவே, பின்னுகிற தாய்மாரே, ஒவ்வொரு வரிசை முடிந்ததும் கண்ணிகளை எண்ணிவிடுங்கள். தவறு அங்கேயே தெரிந்துவிடும். கோபம் வந்தால் கம்பியைக் கீழே வையுங்கள், இரவில் பிரிக்காதீர்கள். காலை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுங்கள். பின்னாத மற்றவர்களும் இந்த வாரம் வீட்டில் ஒருவரிடம் ஒரு சிறிய குறையைப் பார்த்தும் பேசாமல் விட்டுப் பாருங்கள். பேசியே ஆக வேண்டிய ஒன்று இருந்தால், அதைக் கோபமில்லாமல் பேசுங்கள்.

ஆண்டவரே, எதைத் திருத்த வேண்டும், எதைப் பொறுக்க வேண்டும் என்று அறியும் மனத்தை எங்களுக்குத் தாரும். ஆமென்.