நம் காலனியும் தெருநாய்களும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியமும் இசையும் பேசப்படுவதே மரபு. நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ நாய். இதைக் கேட்டுச் சிலர் புன்முறுவல் பூக்கலாம். ஆயினும், விடியற்காலையில் பால் வாங்கப் புறப்படும் முதியவர் கைத்தடியைத் தேடுவதும், மாலையில் காய்கறிக் கடைக்குச் செல்லும் பெண்கள் சுற்றுவழியே போவதும், இரவுப் பணி முடிந்து இருசக்கர வண்டியில் திரும்பும் இளைஞர் தெருமுனையில் தயங்கி நிற்பதும் நம் காலனிகளில் அன்றாட நிகழ்ச்சிகள் ஆகிவிட்டன. தெலுங்கர் 'குக்க' என்பர். உருது பேசுவோர் 'குத்தா' என்பர். நாம் 'நாய்' என்போம். பெயர் மூன்றாயினும் கடி ஒன்றே. ஆகவே, குடும்பங்கள் அனைத்தும் கூடியுள்ள இவ்விடத்தில் இதைப் பேசுவது பொருத்தமே ஆகும்.

2023-ஆம் ஆண்டு பிப்ரவரி 19-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, இதே ஐதராபாத் நகரின் அம்பர்பேட்டைப் பகுதியில் நிகழ்ந்ததை நாம் மறத்தற்கில்லை. பிழைப்பு நாடி வேறு மாவட்டத்திலிருந்து வந்து, கார் பழுதுபார்க்கும் நிலையம் ஒன்றில் காவலராக இருந்த ஒருவர், தம் மக்களையும் வேலையிடத்துக்கு உடன் அழைத்துச் சென்றிருந்தார். அவருடைய நான்கு வயது மகன் தனியே நடந்து வருகையில் நாய்கள் சூழ்ந்துகொண்டன. தந்தை ஓடிவந்து நாய்களை விரட்டி, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு விரைந்தும் உயிர் தங்கவில்லை. செய்தியைக் கண்ட தெலங்காணா உயர்நீதிமன்றம், எவரும் முறையிடுமுன்னரே தானாக அதை வழக்காக எடுத்துக்கொண்டது. 2024 சூலையில் சவகர்நகரில் ஒன்றரை வயதுக் குழந்தை ஒன்றும் இவ்வாறே மாண்டது.

அம்பர்பேட்டைச் சிறுவன் யார் என்பதை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். அவன் காவலரின் பிள்ளை. நம் பிள்ளைகள் சுற்றுச்சுவருக்குள் விளையாடுகின்றனர். பள்ளி வண்டி வாயிலுக்கே வருகின்றது. வாயிற்காவலரின் பிள்ளையும், கட்டட வேலைக்கு வந்தவரின் பிள்ளையும் தெருவிலேயே வளர்கின்றனர். சொந்த மண்ணை விட்டுப் பிழைப்புக்காக இந்நகருக்கு வந்தோர் நாம். அக்காவலரும் அவ்வாறு வந்தவரே. ஆதலின், நம் காலனி பாதுகாப்பானதா என்பதை நம் வீட்டு வாயிலில் நின்று முடிவு செய்தல் கூடாது. காவலரின் அறை வாயிலில் நின்றே முடிவு செய்தல் வேண்டும்.

இனி, நம் காலனிகளில் இது குறித்து இரண்டு கட்சிகள் உள்ளன. ஒன்று, 'நாய்களை ஒழித்துவிட வேண்டும்' என்பது. மற்றொன்று, 'வாயில்லாப் பிராணிக்குச் சோறிடுவது புண்ணியம். எவரும் தடுக்கலாகாது' என்பது. குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் இவ்விரு கட்சியினரும் மோதிக்கொள்கின்றனர். நாயோ வெளியே நிம்மதியாக உறங்குகின்றது. இரு கட்சியிலும் ஒரு பங்கு உண்மை உண்டு. ஒரு பங்கு பிழையும் உண்டு.

முதற்கட்சியை எடுத்துக்கொள்வோம். சென்னை மாநகராட்சி நெடுங்காலம் தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாய்கள் குறைந்தபாடில்லை. காரணம் எளிது. ஒரு தெருவில் நாய்கள் இருப்பது அங்கே உணவு இருப்பதால். இருக்கும் நாயை அகற்றினால் உணவு மிஞ்சும். அடுத்த தெரு நாய் வந்து சேரும். பெண் நாய் ஏறத்தாழ 63 நாள் கருவுற்று, ஆண்டுக்கு இருமுறைகூட ஈனும். ஆகவே இழப்பு விரைவில் ஈடாகிவிடும். சென்னையில் 1959-இல் தோன்றிய இந்தியப் புளூ கிராஸ் அமைப்பு, கொல்வதை விடுத்துக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்யவேண்டும் என்று பல்லாண்டு வாதாடியது. 1996-இல் மாநகராட்சியும் அம்முறைக்கு இசைந்தது. பின்னர் 2001-இல் நாடு முழுவதற்கும் அதுவே விதியாயிற்று. 2023 மார்ச்சில் வெளியான புதிய விதிகளும் அதையே வலியுறுத்துகின்றன. நஞ்சு வைத்து நாயைக் கொல்வதோ 'பாரதிய நியாய சன்ஹிதை' 325-ஆம் பிரிவின்படி ஐந்தாண்டு வரை சிறைக்குரிய குற்றம். அந்நஞ்சை ஒரு குழந்தையும் தொடக்கூடும் என்பதை எண்ணினால் சட்டமே வேண்டுவதில்லை.

இரண்டாம் கட்சியினர்க்கும் ஒரு சொல். நாயின்றிச் சுவர்க்கம் புகேன் என்ற தருமரின் கதையை நம் வீடுகளில் சொல்லாதார் இலர். அக்கருணை போற்றத்தக்கதே. ஆனால் படிக்கட்டின் கீழும், குழந்தைகள் ஆடும் இடத்தின் அருகிலும், மின்தூக்கி வாயிலிலும் சோற்றைக் கொட்டிவிட்டுப் போவது கருணையாகாது. உணவிடும் இடத்தைத் தன் எல்லையாகக் கருதி நாய் காக்கும், அவ்வழி வருவோரைக் குரைக்கும், பின் கடிக்கும். சிறுவர் விளையாடும் இடத்திற்கும், வாயிலுக்கும், படிக்கும் விலகிய இடத்தைக் குடியிருப்போர் சங்கம் குறித்து, சிறுவரும் முதியோரும் அதிகம் நடமாடாத நேரத்தில் உணவிட வேண்டும் என்று 2023 விதிகள் கூறுகின்றன. 2025 ஆகஸ்டு 22-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையும், தெருவில் கண்டபடி உணவிடுதலைத் தடுத்து, அதற்கென இடங்களை ஒதுக்குமாறு பணித்தது. கருத்தடை செய்து தடுப்பூசி போட்ட நாயைப் பிடித்த இடத்திலேயே விடவேண்டும் என்றும், வெறிநோய் கண்டதையும் மூர்க்கமானதையும் அவ்வாறு விடலாகாது என்றும் அது கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள் ஆணையோ, பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், இரயில் நிலையம் போன்ற வளாகங்களிலிருந்து பிடித்தவற்றை மீண்டும் அங்கு விடலாகாது என்றது.

இவ்விரு கட்சியும் ஒன்றுபடும் இடம் ஒன்று உண்டு. மாநகராட்சி வண்டி வந்தால் நாய்கள் ஓடி ஒளிகின்றன. பிடிப்போர் கைக்கு எட்டுவன சில, எட்டாதன பல. ஆனால் தினமும் சோறிடும் அம்மையாரின் கைக்கு அவை எட்டும். எந்த நாய்க்குக் காதில் வெட்டு அடையாளம் உண்டு, எதற்கு இல்லை, எது குட்டி ஈன்றிருக்கின்றது என்பதையெல்லாம் அவரே அறிவார். காதில் அவ்வெட்டு இருப்பின் அது கருத்தடை ஆன நாய் என்று பொருள். ஆகவே, நாய்க்கு அஞ்சுவோர் கணக்கெடுத்து மாநகராட்சிக்கு எழுதட்டும். நாயிடம் அன்புடையோர் அந்நாளில் உடன் நின்று பிடித்துக் கொடுக்கட்டும். ஒரு பகுதியின் நாய்களில் நூற்றுக்கு 70 ஆவது தடுப்பூசி பெற்றால் வெறிநோய் பரவும் சங்கிலி அறும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. அந்த எழுபதை எட்டுவதற்குப் பகைமை உதவாது, ஒற்றுமையே உதவும்.

குப்பையும் நம் கையில் இருக்கின்றது. வீடுதோறும் மாநகராட்சி ஆட்டோ வந்து குப்பை எடுக்கும் நகரம் இது. அதற்குக் காத்திராமல் இரவில் முனையில் வீசும் பொட்டலமும், கல்யாண மண்டபத்து எச்சில் இலையும், இறைச்சிக் கடைக் கழிவுமே நாய்க் கூட்டத்தைச் சேர்க்கின்றன. கூட்டமாகச் சேர்ந்த நாயே தனி நாயினும் கொடியது.

நாய் எதிர்ப்பட்டால் ஓடலாகாது என்பதைப் பிள்ளைகளுக்கு நாம் கற்பித்தல் வேண்டும். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு. அசையாது நின்று, அதன் கண்ணை உற்று நோக்காமல், பையையோ குடையையோ நடுவே பிடித்து, மெல்லப் பின்னடைய வேண்டும். விழுந்துவிட்டால் சுருண்டு படுத்து, கழுத்தையும் காதுகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். வண்டியில் செல்வோர் விரைவைக் குறைத்தாலே பெரும்பாலும் துரத்தல் நிற்கும். குட்டியுடன் இருக்கும் தாய் நாயை எவரும் அணுகலாகாது.

கடிபட்டுவிட்டால் செய்யவேண்டுவதைத் தாய்மார்கள் மனத்தில் இருத்துவீர்களாக. உடனே குழாய் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் புண்ணைக் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதுவும் வேண்டா. 'நாய் நன்றாகத்தானே இருக்கின்றது, பத்து நாள் பார்ப்போம்' என்று காத்திராமல், அன்றே ஊசியைத் தொடங்குங்கள். முதல் ஊசிக்குப்பின் 3, 7, 28 ஆகிய நாள்களிலும், தசையில் போடும் முறையாயின் 14-ஆம் நாளிலும் தவறாது செல்லுங்கள். ஆழமான கடியாயின் புண்ணிலேயே செலுத்தும் எதிர்ப்பு மருந்தும் வேண்டும். நாராயணகுடாவில் உள்ள நோய்த்தடுப்பு மருத்துவ நிலையமும், நல்லகுண்டாவில் 'காய்ச்சல் ஆஸ்பத்திரி' என்று நாம் வழங்கும் சர் ரொனால்டு ராஸ் நிலையமும் இந்நகரில் எளியோரும் அணுகத்தக்கன. வயிற்றில் பதினான்கு ஊசி என்ற பழைய அச்சம் இன்று வேண்டா. அம்மருந்து 2004-ஆம் ஆண்டோடு நம் நாட்டில் கைவிடப்பட்டது. 1885-இல் பாஸ்டர் ஒரு சிறுவனைக் காத்த நாள்முதல், 1907-இல் நம் குன்னூரில் அவர் பெயரால் நிலையம் எழுந்த நாள்முதல், இந்நோயைத் தடுக்க வழி இருக்கின்றது. அறிகுறி தோன்றிய பின்னரோ பிழைத்தல் மிக அரிது. ஆகவே தாமதமே இதில் எமன்.

வீட்டில் நாய் வளர்ப்போரும் ஆண்டுதோறும் ஊசி போட்டு, வெளியே கொண்டு செல்கையில் கயிறு பிடித்தல் வேண்டும். அவர்தம் கவனக்குறைவால் பிறர் கடிபட்டால் சட்டம் அவரையே கேட்கும்.

முடிவாக ஒரு வேண்டுகோள். நம் ஒவ்வொரு காலனியிலும் தமிழர், தெலுங்கர், உருது பேசுவோர் அனைவரும் சேர்ந்து ஐவர் குழு ஒன்று அமையட்டும். உணவிடும் ஒருவரும், அஞ்சும் ஒருவரும் அதில் தவறாது இடம் பெறட்டும். அக்குழுவின் முதற்கூட்டத்திற்கு வாயிற்காவலரையும் அழைத்து, நாற்காலியிட்டு அமரச் செய்து, 'உங்கள் பிள்ளைகள் எவ்விடத்தில் அஞ்சுகின்றனர்?' என்று கேளுங்கள். அவர் காட்டும் இடத்திலிருந்தே பணி தொடங்கட்டும்.