கட்டளையா, அனுமதியா?

சட்ட ஆங்கிலத்தைத் தமிழில் பெயர்ப்பது பற்றி இரண்டு நாள் பேசப்போகிறோம். தலைமை உரை என்ற பெயரில் எல்லாவற்றையும் தொட்டுவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. ஷால், மே என்ற இரண்டு துணைவினைகளோடு நின்றுகொள்கிறேன்.

ரென் அண்ட் மார்ட்டின் ஆங்கில இலக்கண நூலைப் புரட்டியவர்களுக்கு நினைவிருக்கும்: தன்மையில் ஷால் வந்தால் வெறும் எதிர்காலம், படர்க்கையில் வந்தால் கட்டளை. பேச்சில் அந்த விதி ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. சட்டத்தில் ஷால் இன்னும் நிலைத்திருக்கிறது; அங்கே பேசுவதெல்லாம் படர்க்கைதானே! ஆகவே ஷால் என்றால் ‘செய்தல் வேண்டும்’, மே என்றால் ‘செய்யலாம்’ என்று கைப்பழக்கத்தில் எழுதிவிடுகிறோம்.

ஆனால், இந்தியா மாநிலங்களின் ஒன்றியம் என்கிற அரசமைப்பின் 1ஆம் பிரிவிலும் ஷால்தான் நிற்கிறது. யாருக்கு ஆணை அது? யாருக்குமில்லை, அதுவொரு பிரகடனம். 3ஆம் பிரிவில் மே. நாடாளுமன்றம் புது மாநிலம் அமைக்கலாம், எல்லையை மாற்றலாம். அந்த ‘லாம்’ எவ்வளவு கனமானது என்று கம்பத்துக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? தேவிகுளமும் பீர்மேடும் 1956 நவம்பர் 1 அன்று கேரளத்தோடு சேர்ந்தது, நாடாளுமன்றம் இயற்றிய மாநில மறுசீரமைப்புச் சட்டத்தால். கம்பத்து வயல்களுக்குத் தண்ணீர் தரும் பெரியாறு அணை நிற்பதும் அந்தப் பீர்மேடு தாலுகாவில்தான். மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைக் கேட்க வேண்டும், இசைவைப் பெற வேண்டியதில்லை என்பதே 3ஆம் பிரிவின் ஏற்பாடு.

மே எப்போது கடமையாகிறது? ஜூலியஸ் வழக்கில் 1880இல் பிரிட்டிஷ் பிரபுக்கள் அவை சொன்னது இன்றும் நம் நீதிமன்றங்களில் எடுத்தாளப்படுகிறது: சொல்லின் பொருள் மாறுவதில்லை, அதிகாரத்தோடு ஒட்டிவரும் கடமையே அதைக் கட்டாயமாக்குகிறது.

சிக்கல் முழுக்க எதிர்மறையில் இருக்கிறது. ‘மடையைத் திறக்கலாம்’ என்பதை மறுத்துப் பாருங்கள். ‘லாம்’ ஈற்றுக்கு நேரான எதிர்மறை தமிழில் இல்லை. ‘திறக்கக் கூடாது’ என்று வேறு சொல்லுக்குத் தாவுகிறோம். ‘திறக்க வேண்டும்’ என்பதை மறுத்தால் இரண்டு வழி பிரிகிறது: ‘திறக்கக் கூடாது’ என்றால் தடை, ‘திறக்க வேண்டியதில்லை’ என்றால் விருப்பம்போல். ஷால் நாட் முதல் வழியில் மட்டுமே போகும். அதை ‘வேண்டியதில்லை’ என்று பெயர்த்தால், தண்ணீர் திறக்கத் தடைபோட்ட ஆணை, திறப்பதும் திறக்காததும் உங்கள் இஷ்டம் என்றாகிவிடும். மே நாட்டோ இரட்டை வேடம் போடும்: ‘திறக்கக் கூடாது’ என்றும் வரும், ‘திறக்காமலும் போகலாம்’ என்றும் வரும். முன்னது விதி, பின்னது வெறும் ஊகம். எது என்று வாக்கியத்தின் எழுவாயும் சூழலும்தான் சொல்ல வேண்டும். ஜூன் மாதத்தில் முதல் போகத்துக்கு நாற்றங்கால் போடக் காத்திருக்கும் விவசாயிக்கு இந்த வேறுபாடு வயிற்றுப்பாடு.

கட்டுரை வாசிக்கப்போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உடன்பாட்டு வாக்கியங்களை மட்டும் காட்டி நகர்ந்துவிடாதீர்கள். எதிர்மறை வாக்கியங்களைக் கொண்டுவாருங்கள், சண்டை போடலாம். முதல் அமர்வு தொடங்கட்டும்.