காய்ச்சலும் கட்டிலும்
(ஜும்ஆவுக்குப் பின் ஆற்றிய உரை)

 

2009 ஜூன் மாதம் உலக சுகாதார நிறுவனம் பன்றிக்காய்ச்சலை உலகளாவிய கொள்ளைநோயாக அறிவித்தது. ஆகஸ்டில் நம் நாட்டின் முதல் மரணம் புனேயில் நிகழ்ந்தது. அச்சத்தால் மக்கள் மருத்துவமனைகளில் திரண்டனர். அப்போது மத்திய சுகாதார அமைச்சகம் நோயாளிகளை மூன்றாகப் பிரித்தது. அக்கிருமி இன்றும் பருவக் காய்ச்சலாய் வந்து போவதால், அப்பிரிவினையை நாம் அறிந்திருத்தல் அவசியம்.

முதல் வகையினருக்கு இலேசான காய்ச்சலும் இருமலும் தொண்டைவலியும் இருக்கும். இவர்களுக்குப் பரிசோதனை வேண்டாம். வீட்டில் ஒதுங்கி ஓய்வெடுக்க வேண்டும். 24 முதல் 48 மணி நேரத்தில் நிலையை மீண்டும் பார்க்க வேண்டும்.

இரண்டாம் வகையினருக்குக் கடுங்காய்ச்சலும் கடுமையான தொண்டைவலியும் இருக்கும். கர்ப்பிணிகள், 5 வயதுக்கு உட்பட்டோர், 65 வயதைத் தாண்டியோர், சர்க்கரை, இருதய, நுரையீரல், சிறுநீரக நோயாளிகள் ஆகியோருக்குக் காய்ச்சல் இலேசாக இருந்தாலும் அவர்களும் இவ்வகையே. இவர்கள் தாமதியாது மருத்துவரிடம் செல்ல வேண்டும். ஒசல்டாமிவிர் மாத்திரை முதல் 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால்தான் அதிகப் பலன் தரும்.

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கம், இரத்தம் கலந்த சளி, நகம் நீலமாதல், குழந்தை பாலருந்த மறுத்தல் ஆகியவை மூன்றாம் வகையின் அடையாளங்கள். இவற்றில் ஒன்று கண்டாலும் உடனே 108-ஐ அழைத்து மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

அன்பர்களே! கட்டில்கள் எண்ணிக்கைக்கு உட்பட்டவை. 2021 மே மாதம் கொரோனாவின்போது சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளுடன் ஆம்புலன்ஸ்கள் காத்து நின்றதை நாம் மறக்கவில்லை. இலேசான காய்ச்சலுக்குச் செல்வாக்கைப் பயன்படுத்திப் பிடிக்கும் கட்டில், மூச்சுக்குத் தவிப்பவரின் ஹக்கு அன்றோ?

மறுபுறம், கரிசல் காட்டில் மிளகாய்ப் பழம் பறிக்கச் செல்லும் நம் தாய்மார்கள் கூலி போய்விடும் என்றெண்ணிக் காய்ச்சலை மறைக்கின்றனர். மூச்சு வாங்கிய பின்னரே விளாத்திகுளம் அரசு மருத்துவமனைக்கு வருகின்றனர். அங்கிருந்து கோவில்பட்டிக்கோ தூத்துக்குடிக்கோ அனுப்ப நேர்ந்தால், வழியிலேயே பொழுது கழிகிறது. வீண் அச்சமும் தவறு. வீண் பொறுமையும் தவறு.

ஆகவே காய்ச்சல் கண்டவர் ஜும்ஆவுக்கு வராது வீட்டில் தொழுவாராக. தனித்து வாழும் முதியோரைப் பக்கத்து வீட்டார் காலையும் மாலையும் விசாரிப்பார்களாக. வாகனம் உள்ளோர் இரவிலும் உதவ முன்வருவார்களாக. வல்ல இறைவன் நம் அனைவருக்கும் ஆரோக்கியத்தை அருள்வானாக! ஆமீன்.