தலைவிதியா? மருந்துச் சீட்டா?

(ஒரு பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



மாரடைப்பு கண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களுக்கு என்னென்ன மருந்து எழுதப்படுகிறது, யாருக்கு எழுதப்படுகிறது, யாருக்கு எழுதப்படாமல் போகிறது என்பதைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லலாம் என்றிருக்கிறேன். "இது டாக்டர்கள் பேச வேண்டிய சங்கதியாயிற்றே, நமக்கென்ன வேலை?" என்று சிலர் நினைக்கலாம். போகிற உயிர் நம்முடையதாயிருக்கும்போது, கேள்வி கேட்கும் உரிமை மாத்திரம் எப்படி மற்றவருடையதாகும்?

ஒருவன் மாரடைப்பால் இறந்தால் நம் ஜனங்கள் என்ன சொல்லுகிறார்கள்? "அவனுக்கு ஆயுள் அவ்வளவுதான், தலையில் எழுதினதை யாரால் அழிக்க முடியும்?" என்கிறார்கள். தலையில் எழுதினதை இதுவரை எவனும் படித்துப் பார்த்ததில்லை. ஆனால் மருந்துச் சீட்டில் எழுதினதைப் படிக்கலாம்; எண்ணலாம்; ஒன்றோடொன்று ஒத்துப் பார்க்கலாம். அப்படி ஒத்துப் பார்த்தவர்கள் கண்டதைத்தான் சொல்லப் போகிறேன்.

முதலாவது, இம்மருந்துகள் குணம் செய்கின்றன என்பதற்கு என்ன ஆதாரம்? பெரிய டாக்டர் சொன்னார் என்பது ஆதாரமாகாது. 1988-ம் வருஷத்தில் 'ஐசிஸ்-2' என்ற பரீட்சையின் முடிவு வெளியாயிற்று. 417 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பாயிருக்கலாம் என்று சேர்க்கப்பட்ட 17,187 பேரைத் திருவுளச் சீட்டுப் போடுவது போல் பாரபட்சமின்றிப் பிரித்தார்கள். சிலருக்கு ஆஸ்பிரின் மாத்திரை, சிலருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ், சிலருக்கு இரண்டும், சிலருக்கு இரண்டுக்கும் பதிலாக வெறும் போலி மருந்து. 5 வாரத்திற்குள் இருதய, இரத்தக்குழாய்க் கோளாறுகளால் இறந்தவர்கள், இரண்டும் பெறாதவர்களில் 1000க்கு 132 பேர். இரண்டும் பெற்றவர்களில் 1000க்கு 80 பேர். மீதி 52 பேரைப் பிழைக்க வைத்தது எந்தத் தெய்வம்? மருந்துதானே!

அந்த ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு வேடிக்கையும் செய்தார்கள். நோயாளிகளை மேல்நாட்டு ஜோசியப்படி ராசிவாரியாகப் பிரித்துக் கணக்குப் போட்டார்கள். மிதுன ராசிக்காரருக்கும் துலா ராசிக்காரருக்கும் ஆஸ்பிரின் பலன் தராதது போல் கணக்கு வந்தது! ஜோசியம் மெய் என்பதற்காக அல்ல. ஒரு கணக்கைத் துண்டு துண்டாக நறுக்கினால் தற்செயலாய் வருவதுகூட உண்மை போல வேஷம் போடும் என்று எச்சரிக்கவே அப்படிச் செய்தார்கள். தன் கணக்கைத் தானே சந்தேகித்துப் பார்ப்பதல்லவா அறிவு!

இனி நம் தேசத்துக்கு வருவோம். இந்தியாவில் 50 நகரங்களிலுள்ள 89 ஆஸ்பத்திரிகளில், மாரடைப்பு முதலிய அவசர இருதய நோயுடன் வந்த 20,468 பேருடைய கணக்கு 'கிரியேட்' என்ற பெயரால் 2008-ல் வெளியாயிற்று. கொழுப்பைக் குறைக்கும் மருந்து, பணக்காரரில் 100க்கு 61 பேருக்கு எழுதப்பட்டது. ஏழைகளில் 36 பேருக்கு மாத்திரம். கட்டியைக் கரைக்கும் மருந்து அங்கே 61, இங்கே 52. இரத்தக்குழாய் அடைப்பைப் பலூன் வைத்துத் திறக்கும் சிகிச்சை அங்கே 15, இங்கே 2. 30 நாளைக்குள் இறந்தவர்களோ, பணக்காரரில் 1000க்கு 55 பேர். ஏழைகளில் 82 பேர்.

"ஏழை முன்பே நோஞ்சான், அதனால் செத்தான்" என்று சொல்லக்கூடும். அதையும் பார்த்தார்கள். வயது, உடல்நிலை முதலியவற்றைச் சரிக்கட்டிக் கணக்குப் போட்டும் வித்தியாசம் மறையவில்லை. கிடைத்த சிகிச்சையைச் சரிக்கட்டியதும் வித்தியாசம் மறைந்து போயிற்று. இதற்கு என்ன அர்த்தம்? அந்த வித்தியாசம் தலையெழுத்தில் இல்லை, சிகிச்சையில் இருந்தது என்பதல்லவா?

எல்லா மருந்தும் எல்லோருக்கும் ஆகும் என்று நான் சொல்லவில்லை. இரத்தம் கசியும் நோயுள்ளவனுக்கு ஆஸ்பிரின் ஆபத்தாகலாம். அவனுக்கு எழுதாமல் விடுவதே சரி. ஆனால் பணப்பை கனமானவனுக்கு ஒத்துக்கொண்டு, பை காலியானவனுக்கு ஒத்துக்கொள்ளாது என்ற குணம் எந்த மருந்துக்கும் கிடையாது.

நம்மேலும் குற்றமுண்டு. அதே கணக்கில், பெரிய மாரடைப்பு கண்டவர்களில் பாதிப்பேர் ஆஸ்பத்திரி வந்து சேர 6 மணி நேரத்துக்கு மேலாயிற்று. கட்டியைக் கரைக்கும் மருந்து சீக்கிரம் கொடுத்தால்தான் அதிக உயிரைக் காக்கும். வாயு என்று கஷாயம் வைப்பதிலும், திருநீறு போடுவதிலும் அந்நேரத்தைக் கழிப்பது உயிரைக் கைவிடுவதாகும்.

ஆகவே தோழர்களே! நெஞ்சு வலித்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். வீடு திரும்பும்போது சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த மருந்து எதற்கு? எத்தனை நாளைக்கு? இதே மருந்து விலை குறைவாய்க் கிடைக்குமா? எனக்கு வேண்டிய மருந்து ஏதாவது விட்டுப் போயிற்றா?" என்று மரியாதையாகவும் தைரியமாகவும் கேளுங்கள். கேட்காமல் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், அதுவும் மூடத்தனமே. டாக்டரைக் கும்பிட வேண்டாம், வையவும் வேண்டாம், கேளுங்கள்.

தலையெழுத்தைத் திருத்த யாருக்கும் வழியில்லை என்கிறார்கள். மருந்துச் சீட்டைத் திருத்த வழியிருக்கிறது. இருக்கிற வழியை விட்டு இல்லாத எழுத்துக்கு ஏன் அழ வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக் கொள்ளுகிறேன்.