சுவருக்கு அந்தப் பக்கம் யார்?



நகரத்து நெரிசல் மனசைக் கெடுக்கும் என்ற பேச்சுக்குப் பின்னால் ஓர் எலிக்கூட்டம் இருக்கிறது. அமெரிக்க ஆய்வாளர் ஜான் கால்ஹூன், தீனிக்கும் தண்ணீருக்கும் குறை வைக்காமல் எலிகளை ஓர் அடைப்புக்குள் பெருகவிட்டார். நெருக்கம் கூடக்கூட எலிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. தாய் எலிகள் குட்டிகளைக் கைவிட்டன. 1962-இல் இது வெளியானதும், நகரத்து மனிதனுக்கும் இதே கதிதான் என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். மனிதர்களை வைத்தே ஆராய்ந்த உளவியலாளர் ஜொனதன் ஃப்ரீட்மன் 1975-இல் அதை மறுத்தார். கூட்டம் மட்டுமே யாரையும் கெடுப்பதில்லை என்றார்.

அதற்காக நகரத்தில் எல்லாம் நலம் என்று சொல்லிவிட முடியாது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் 2015-16-இல் 12 மாநிலங்களில் எடுத்த மனநலக் கணக்கெடுப்பில், பெருநகரங்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 15 பேர் மனநலப் பாதிப்போடு இருந்தார்கள். கிராமங்களில் 7 பேர்.

இந்த வித்தியாசத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஒன்றைச் சென்னைப் புறநகரான பெரும்பாக்கத்தில் பார்க்கலாம். 2015 வெள்ளத்துக்குப் பிறகு, சென்னையின் ஆற்றங்கரைக் குடிசைகளில் இருந்த ஏராளமான குடும்பங்களை அங்கே அடுக்குமாடிகளில் குடியேற்றினார்கள். ஆற்றங்கரையில் மட்டும் நெரிசல் இல்லையா? கையை நீட்டினால் அடுத்த வீட்டுச் சுவர். ஆனால் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது தெரிந்த அக்கா. பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகலாம். மாசக் கடைசியில் கைமாத்து கேட்கலாம். புது வீட்டில் கழிப்பறை உண்டு, பூட்டக் கதவு உண்டு; அது சின்ன விஷயமில்லை. அக்காதான் எந்த பிளாக்கில் என்று தெரியவில்லை. வீட்டு வேலை செய்யும் இடமோ பழைய பேட்டையிலேயே இருக்கிறது; போக வர பஸ்ஸிலேயே பொழுது போய்விடுகிறது. லிஃப்ட் நின்றால் மேல்மாடிப் பாட்டி கீழே இறங்குவதே இல்லை. ராத்திரி தூக்கம் வரவில்லை என்று யாரிடம் சொல்வது?

ஓ.எம்.ஆர். அடுக்குமாடியில் ஐ.டி. வேலைக்காரருக்கும் எதிர்வீட்டுக்காரர் பெயர் தெரியாதுதான். ஆனால் அவர் விரும்பி வந்தவர். பிடிக்காவிட்டால் வீடு மாற்றிக்கொள்வார்.

அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. குடியேற்றும்போது குடும்பங்களைக் குலுக்கல் போட்டுப் பிரிக்காதீர்கள். ஒரு தெருக்காரர்களை ஒரே பிளாக்கில் வையுங்கள். மனநல முகாமை அப்புறம் போடலாம்.

நேயர்களில் யாருக்காவது தூக்கமின்மையோ மனச்சோர்வோ வாரக்கணக்கில் நீடித்தால், 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் மனநலச் சேவையை அழையுங்கள். கட்டணம் கிடையாது. ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம்.