சரக்கு வண்டியில் ஏறும் கூலிக்காரர்கள்
(மில் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



விடியுமுன் நம் ஊர் முச்சந்தியில் வந்து நிற்கிற வண்டியைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களை ஏற்றிப் போகிற குட்டி யானை, கரும்பு வெட்டுக்கு ஆள் ஏற்றுகிற டிராக்டர் டிரெய்லர், ஷிப்டுக்கு ஆள் அள்ளிப் போகிற மில் வேன். இவை எதிரே வருகிற காரிலோ லாரியிலோ மோதினால் மறுநாள் பத்திரிகையில் நாலு வரி வருகிறது. அதோடு பத்திரிகைக்கு விஷயம் முடிந்தது. செத்தவன் வீட்டுக்கு அன்றுதான் ஆரம்பமாகிறது.

மத்திய சர்க்காரின் போக்குவரத்து இலாகா கொடுத்த கணக்கைச் சொல்கிறேன். 2022-ம் வருஷம் இந்தியாவில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அதாவது நாளொன்றுக்கு 460 பேருக்கு மேல். தமிழ்நாட்டில் மட்டும் அந்த வருஷம் 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதல் இடம் நமக்குத்தான். இதைத் தலைவிதி என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தலைவிதி கார்க்காரனையும் கூலிக்காரனையும் ஒரே மாதிரிதானே பார்க்க வேண்டும்? காரில் இருக்கிறவனுக்குப் பெல்ட்டும் காற்றுப்பையும் இருக்கிறது. டிரெய்லரில் நிற்கிற அம்மாளுக்குப் பிடித்துக் கொள்ளப் பக்கத்தில் நிற்கிறவளின் தோள்தான் இருக்கிறது!

சரக்கு வண்டியில் ஆள் நின்றால் என்ன ஆகிறது? மூட்டை அடுக்கினால் பாரம் கீழே உட்காரும், நகராது. இருபது பேர் நின்றால் பாரம் மேலே நிற்கிறது. வளைவில் எல்லோரும் ஒரே பக்கம் சாய்கிறார்கள். அந்தச் சாய்வே வண்டியைக் கவிழ்க்கப் போதும். டிராக்டர் டிரெய்லரைப் பாருங்கள். பலவற்றுக்குத் தனியாக பிரேக் இல்லை, பின்னால் விளக்கும் இல்லை. சிவப்புப் பிரதிபலிப்புப் பட்டை கூட ஒட்டுவதில்லை. மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற கார் ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் ஓடிவிடும். டிரெய்லர் டிரைவர் கண்ணில் பட்டு, அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள் அந்த ஒரு விநாடி போய்விடுகிறது. பிரேக் பிடிப்பது அதற்கு அப்புறம்தான்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

ரோட்டில் ஓடுகிற ஒவ்வொரு வண்டிக்கும் இன்ஷூரன்ஸ் கட்டாயம். 1939-ம் வருஷ மோட்டார் சட்டத்திலேயே அது இருந்தது. இப்போது நடப்பது 1988-ம் வருஷச் சட்டம். 'வண்டிக்குத்தான் இன்ஷூரன்ஸ் இருக்கிறதே, பயப்படாதே, ஏறு' என்று மேஸ்திரி சொல்வார். அவர் சொல்வதில் பாதிதான் உண்மை. ரோட்டில் நடக்கிறவன் மேல் அந்த வண்டி மோதினால் கம்பெனி கொடுக்க வேண்டும். ஆனால் சரக்கு வண்டியில் ஏறிப் போகிறவர்களுக்கு? சரக்குக்குச் சொந்தக்காரர், அவருடைய ஆள், அந்த வண்டி ஓனரிடமே சம்பளம் வாங்கி வண்டியில் போகிற லோடு ஆட்கள், இவர்களுக்குத்தான் பாலிசி பொறுப்பு. மற்றபடி சும்மா ஏறிப் போகிற பயணிக்குக் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். அப்படியானால் நடவுக்குப் போகிற பெண்ணின் கதி என்ன? டிரைவர் மேலும் ஓனர் மேலும் தீர்ப்பு வரும். ஓனரிடம் இருப்பது அந்த ஒரு வண்டி. அதன் பேரிலும் பைனான்ஸ் கடன். தீர்ப்பை வைத்துக்கொண்டு அந்தக் குடும்பம் என்ன செய்யும்? 'கம்பெனி முதலில் கட்டட்டும், பிறகு ஓனரிடம் வசூல் செய்து கொள்ளட்டும்' என்று கோர்ட்டுகள் உத்தரவு போட்ட வழக்குகள் உண்டு. 2004-ல் உச்ச நீதிமன்றமே ஒரு வழக்கில் அப்படிச் சொன்னது. ஆனால் எல்லா வழக்கிலும் அது கிடைக்கும் என்று எழுதிக் கொடுக்க எந்த வக்கீலாலும் முடியாது.

மில் வேனிலும் ஒரு சூது இருக்கிறது. பன்னிரண்டு பேருக்குப் பாலிசி எடுத்த வேனில் இருபத்தைந்து பேரை அடைத்தால், பன்னிரண்டு பேருக்கு உண்டான பொறுப்புதான் கம்பெனிக்கு. 2007-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்தப் பணத்தை எல்லோருக்கும் விகிதப்படி பங்கிட வேண்டும். மீதியை ஓனரிடம் தேட வேண்டும். ஆகவே பதிமூன்றாவது ஆளாக ஏறுகிறவர் தம் உயிரோடு கூட மற்றப் பன்னிரண்டு பேரின் பங்கையும் பணயம் வைக்கிறார். ஏற வேண்டாம் என்று அவரைத் திட்டிப் பிரயோசனமில்லை. அவர் ஏறாவிட்டால் அன்றைய கூலி போய்விடும். இரண்டாவது வேன் வை என்று மில்லிடம் கேட்கிற வேலை எல்லோருடையது. பண்ணைக்கும் அப்படித்தான்: ஆள் ஏற்றப் பயணி வண்டி அனுப்பு, பர்மிட்டையும் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் காட்டு என்று கூலி பேசும்போதே பேச வேண்டும். கூலியைப் பற்றி ஒரு மணி நேரம் வாதாடுகிற நாம் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை.

சரி, விபத்து நடந்துவிட்டது. முதலில் ஆளைப் பிழைக்க வையுங்கள். 108-க்குச் சொல்லுங்கள். 'போலீஸ் கேஸ், நமக்கெதற்கு வம்பு' என்று ஒதுங்காதீர்கள். அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் தம் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, சாட்சிக்கு வரும்படி அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பிறகு சட்டத்திலேயே 134-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவைச் சர்க்கார் ஏற்கும் திட்டம் தமிழ்நாட்டில் 2021 டிசம்பரில் தொடங்கியது. மத்திய சர்க்காரும் 2025 மே மாதம் ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாத சிகிச்சைக்குத் திட்டம் அறிவித்தது. ஆஸ்பத்திரி வாசலில் 'முன்பணம் எங்கே' என்று கேட்டால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

டிரைவரை அடிக்காதீர்கள். அவனும் நம்மைப் போல் கூலிக்காரன்தான். இரண்டு ஆள் வேலையை ஒருவன் செய்து, தூங்காத கண்ணோடு வண்டி ஓட்டுகிறவன். டிரைவருக்கு எட்டு மணி நேர வேலை என்று 1961-ல் சட்டம் போட்டார்கள். எத்தனை லாரிகளில் அது ஓடியது? அவன் அடிபட்டவருக்கு வைத்தியத்துக்கு வழி செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் போலீஸில் சொல்ல வேண்டும். கூட்டம் அடிக்க வந்தால் அவன் ஓடுகிறான். ஓடினால் வண்டி நம்பரும் போகிறது, உங்கள் வழக்கும் போகிறது. வண்டியையும் நம்பர் பலகையையும் போனில் படம் எடுத்து வையுங்கள். மோதிய வண்டி எது என்றே தெரியாமல் போனாலும் கை விரிக்க வேண்டாம். 2022 ஏப்ரல் முதல் நடக்கும் திட்டப்படி சாவுக்கு 2 லட்சமும் கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உண்டு. முதல் தகவல் அறிக்கையோடு வருவாய்க் கோட்ட அலுவலகத்தில் விசாரியுங்கள்.

அடுத்து வருகிறான் தரகன். சாவு வீட்டில் பந்தல் பிரிக்குமுன் வந்துவிடுவான். 'கோர்ட்டுக்குப் போனால் பத்து வருஷம். மூன்று லட்சம் ரொக்கம், இங்கே ஒரு கையெழுத்து' என்பான். கையெழுத்துப் போடுமுன் இந்தக் கணக்கைப் பாருங்கள். 32 வயதுத் தொழிலாளி, மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்தவர், அவரை நம்பி நாலு பேர் என்று வைத்துக் கொள்வோம். உச்ச நீதிமன்றம் 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, அவர் பின்னால் கூடுதலாகச் சம்பாதித்திருப்பார் என்று நூற்றுக்கு 40 சேர்க்க வேண்டும்: 14,000. அவருடைய சொந்தச் செலவுக்கு நாலில் ஒரு பங்கு கழித்தால் 10,500. வருஷத்துக்கு 1,26,000. அந்த வயதுக்கு உண்டான பெருக்கல் எண் 16. ஆக, 20,16,000 ரூபாய். ஈமச் செலவும் மனைவி மக்களுக்கான தொகையும் தனி. இருபது லட்சம் எங்கே, மூன்று லட்சம் எங்கே? யார் தவறு என்று பார்க்காமலே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் வாங்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் அதை வாங்கிக் கொண்டால் பெரிய மனு காலாவதியாகிவிடும். இதை வக்கீலிடம் கேட்டுத் தெரிந்து கொண்டு முடிவு செய்யுங்கள்.

இந்தக் கணக்கில் உயிர்நாடி அந்தப் பத்தாயிரம். சம்பளத்துக்கு அத்தாட்சி இல்லையென்றால் தீர்ப்பாயம் தானாக ஒரு தொகையை வைக்கும். கூலிச் சீட்டு, பாங்குப் புத்தகம், நலவாரிய அட்டை, பி.எப். காகிதம், எது இருந்தாலும் பத்திரம். செத்தது குடும்பப் பெண் என்றால் 'சம்பளமில்லாதவள்' என்று குறைக்கப் பார்ப்பார்கள். வீட்டு வேலைக்கும் மதிப்பு உண்டு என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அதைச் சொல்ல எந்த நீதிபதியும் வேண்டியதில்லை, ஆனாலும் தீர்ப்பு இருப்பது நல்லது.

தேதியை மறக்காதீர்கள். 2022 ஏப்ரலில் அமலுக்கு வந்த திருத்தப்படி விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். இந்த வரம்பைக் காட்டி மனுவைத் தள்ள வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. இடைக்கால உத்தரவை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனமல்ல. விபத்து நடந்த ஊரில்தான் போட வேண்டும் என்பதில்லை; மனுப் போடுகிறவர் குடியிருக்கும் ஊரிலும் போடலாம். புருஷன் கோயமுத்தூர் மில்லுக்குப் போகிற வழியில் இறந்தால், ராமநாதபுரத்தில் இருக்கிற மனைவி அங்கேயே போடலாம். வக்கீலுக்குப் பணமில்லை என்றால், பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், ஆலைத் தொழிலாளருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. ஜில்லா கோர்ட்டிலேயே அதற்கு அலுவலகம் இருக்கிறது. போன் நம்பர் 15100.

முதலாளியை இதில் மறந்துவிட வேண்டாம். மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளி, 2003-ல் அதிகாலை மூன்று மணி வேலைக்கு மோட்டார் சைக்கிளில் போனபோது ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் முன்னால் விபத்தில் இறந்தார். கமிஷனர் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னார்; ஹைகோர்ட் 'ஆலைக்கு வெளியே நடந்தது' என்று தள்ளியது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், வேலைக்குப் போகிற வழியும், நேரமும் இடமும் பொருந்தினால், வேலையைச் சேர்ந்ததே என்று தீர்ப்பளித்தது. இருபத்திரண்டு வருஷம்! ஈ.எஸ்.ஐ.க்காரர்களுக்கு இது 2010 முதலே சட்டம். 2025 நவம்பரில் அமலான சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. டிராக்டர் போன்ற இயந்திரம் கொண்டு செய்கிற விவசாய வேலையும் அந்த நஷ்ட ஈட்டுப் பட்டியலில் உண்டு. யார் தவறு என்ற கேள்வியே அங்கு இல்லை. ஆனால் ஒரே விபத்துக்குத் தீர்ப்பாயத்திலும் கமிஷனரிடமும் இரண்டு இடத்தில் நஷ்ட ஈடு கேட்க முடியாது. சரக்கு வண்டி விபத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை முதலிலேயே யோசிக்க வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனி நழுவக் கூடிய வழக்கில் இரண்டாவது கதவே சில சமயம் நல்ல கதவு.

இங்கே வந்திருப்பவர்களில் வீட்டில் விபத்து நடந்தும் மனுப் போடாமல் இருக்கிறவர்கள் இருப்பீர்கள். கூட்டம் முடிந்ததும் போய்விடாதீர்கள். முதல் தகவல் அறிக்கை, ஆஸ்பத்திரிச் சீட்டு, எது கையில் இருந்தாலும் எடுத்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் வாருங்கள். முதலில் தேதியைப் பார்ப்போம்.